அலாய் வீலுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவர்

போன வாரம் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, நானும் வீட்டுக்காரரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அங்கே டாக்ஸி போட்டிருந்த ஒருவர் எங்கள் காரின் சக்கரத்தையே பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஏண்ணே, அலாய் வீலுக்கு மேல எவனாச்சும் கவர் மாட்டுவானா? அதுவும் பிளாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கீங்க..."

வீட்டுக்காரர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். டீயை மிச்சம் வைக்கிற ஆளே இல்லை அவர்.

டாக்ஸிக்காரர் கேட்டதில் தப்பில்லை. அலாய் வீல் போடுவதே நாலு பேர் பார்க்கத்தான். அதை மூடி வைப்பது, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மேலே ரெயின்கோட் மாட்டுகிற மாதிரி. ஆனால் நாங்கள் மூடி வைத்திருக்கிறோம். ஏன் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய ஆளிடமே இன்னும் சொல்லவில்லையே...

எங்களுக்குப் பூண்டியில் வெள்ளைப்பூண்டு விவசாயம். ஒரே மகள் கயல். பி.எஸ்ஸி. முடித்ததும் பி.எட். படித்துவிட்டுக் கொடைக்கானலிலேயே ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர வேண்டும் என்பது அவள் அப்பாவின் கணக்கு. அவள் போய்ச் சேர்ந்த இடமோ கோயம்புத்தூரில் ஒரு பட்டறை. கார், பைக்குகளுக்குக் கேட்கிற டிசைனில் பெயின்ட் அடித்துக் கொடுக்கிற இடம்.

"படிக்க வச்சது காருக்குப் பெயின்ட் அடிக்கவா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அன்றைக்கு நின்றது இருவருக்கும் பேச்சு. அவள் எனக்குப் போன் பண்ணுவாள். வைத்ததும் இவர், "என்னவாம்?" என்பார். நான் சொல்வேன். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் இதுதான் ஏற்பாடு.

போன சீசன் முடிந்து லீவில் வந்தவள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் நேராகப் போய் நின்றாள்.

"அப்பா, உங்க கார் வீலைக் கொஞ்ச நாள் எங்கிட்ட குடுப்பீங்களா?"

இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்குச் சோலி கெடக்கு. வெரசா முடிச்சிருவியா?" என்றார்.

எங்கள் ஊர் ஆண்கள் 'சரிம்மா' என்பதை இப்படித்தான் சொல்வார்கள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

என்ன வரைந்தாள் தெரியுமா? பூண்டு. கருநீலத்தில் அடிவண்ணம் கொடுத்து, வீலின் ஒவ்வொரு ஆரக்கம்பியிலும் ஒரு பூண்டுச் செடி. நடுவில் ஊதா ரேகை ஓடிய எங்கள் மலைப்பூண்டு, அதிலிருந்து விளிம்பு வரை நீளும் பச்சைத் தாள்கள். நாலு வீலும் கையாலேயே வரைந்தது. அப்பாவின் காட்டைக் கொண்டுவந்து அப்பாவின் காரிலேயே வைத்துவிட்டாள்.

வரைந்தது பாதி வேலைதானாம். அதற்கு மேலே என்ன பூச்சுக் கொடுப்பது என்பதுதான் பெரிய வேலை. வாசலில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தாள். டப்பா ஸ்ப்ரேயில் வருகிற கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, சுலபம். ஆனால் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். பவுடர் கோட்டிங் கல் மாதிரி நிற்கும். ஆனால் அடுப்பில் வைத்துச் சுட வேண்டும், அந்தச் சூட்டில் கையால் வரைந்தது பாழாகிவிடும். பளபளப்பு இல்லாத மேட் வகை பார்க்க அழகு; ஆனால் நம் மலைப்பாதையில் இறங்கும்போது பறக்கிற பிரேக் தூசி அதில் அப்பிக்கொண்டால் போகாது. கடைசியில் பூச்சை இறுக வைக்கிற ஹார்ட்னர் கலந்து அடிக்கிற இரண்டு பாகக் கிளியர், பளபளப்பு வகை என்று முடிவானது.

அதை அடிக்க வெயில் வேண்டும். பூண்டியில் வெயிலுக்கு எங்கே போவது? மூடுபனியில் அடித்தால் பூச்சு பால் மாதிரி வெளுத்துவிடுமாம். முகமூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். வெயில் எட்டிப் பார்த்ததும் அடித்தாள். அப்புறம் காய வைக்க, ஷெட்டுக்குள் குண்டு பல்பு கட்டித் தொங்கவிட்டது யார்? அவள் அப்பா. நாலு செங்கல் வைத்து உயரம் சரி பண்ணி, "போதுமா பாப்பா?" என்று கேட்டார். பாப்பா...

வீலை மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

"மேல காஞ்ச மாதிரி தெரியும்பா. ஆனா உள்ள பச்சையாத்தான் இருக்கும். டப்பாவுல ஒரு வாரம்னு போட்டிருக்கறது கீழ ஊருக்கு. நம்ம குளிருக்கு ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் கழுவாதீங்க, ஷாம்பு போடாதீங்க, பாலிஷ் போடாதீங்க, துணி வச்சுத் தேய்க்காதீங்க."

அத்தனையும் கேட்டார். வாட்டர் சர்வீஸ் பக்கமே போகவில்லை. சேறு பட்டாலும் துடைக்கவில்லை. குட்டையைக் கண்டால் வண்டியை ஒதுக்கினார். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை இவ்வளவு கேட்டிருந்தால் நான் எங்கேயோ இருந்திருப்பேன்.

அந்த ஒரு மாசம் முடியுமுன்னே ஒருநாள் வெள்ளனே எழுந்து, குளித்து, காரை எடுத்துக்கொண்டு தனியாகப் பழனிக்குப் போனார். மலை இறங்கி, அடிவாரத்தில் வண்டிக்குப் பூஜை போட்டார். புது வீல் வந்தால் அவருக்கு அது புது வண்டிதான். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம், முன்னால் மாலை... நாலு வீலிலும் திருநீறு, சந்தனம், குங்குமம்.

சாயங்காலம் வந்து பஞ்சாமிர்த டப்பாவை என் கையில் கொடுத்தார். "பிள்ளை பேசிருச்சுல்ல. அதான் முருகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தேன்" என்றார்.

கழுவாதே, தேய்க்காதே என்றாள் கயல். பொட்டு வைக்காதே என்று சொல்லவில்லை. அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பூஜை என்பது காரைத் தொடுவதில் சேர்த்தி என்று நம்மில் யார் நினைக்கிறோம்?

சாமி பொட்டை நாமாக அழிக்கக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டார். பனி இறங்கியது. குங்குமம் நனைந்து வழிந்தது. அது உலர்ந்து உதிர்ந்த பிறகு பார்த்தால், பூண்டுகளின் மேல் ரோஸ் நிறத்தில் திட்டுத்திட்டாகக் கறை. சந்தனம் இருந்த இடமெல்லாம் மஞ்சள். பச்சையாக இருந்த பூச்சு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போதே மகளுக்குப் போன் போட்டிருக்கலாம். இவர் போடவில்லை. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார், போகவில்லை. யாரையும் கேட்காமல், பெயின்ட் கரைக்கிற தின்னர் வாங்கிவந்து துணியில் நனைத்து வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூச்சு பாலாடை மாதிரி சுருண்டு எழும்பியது. கூடவே ஊதா ரேகையும் பச்சைத் தாளும் வந்தன. ஒரு வீலோடு நிறுத்தினாரா? பதற்றத்தில் நாலிலும் முயற்சி பண்ணிவிட்டார்.

அன்றைக்கு ஷெட்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் போனதும் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"பிள்ளைகிட்ட சொல்லிறாத. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கு. நானா சொல்றேன்."

சத்தியம் பண்ணிவிட்டேன். மறுநாள் கடையில் இருந்ததிலேயே பெரிய கவராகப் பார்த்து வாங்கிவந்து கட்டினார்.

சொல்வதற்கு அவருக்கு வாய் வருவதற்குள் கயலே வந்துவிட்டாள். இரண்டு நாள் லீவு. பையைக் கூட இறக்காமல் ஷெட்டுக்குத்தான் ஓடினாள். நின்றாள்.

"என்னப்பா இது, கவரு?"

"ரோடு சரியில்ல பாப்பா. கல்லு கில்லு அடிக்கும்ல..."

"அதுக்குத்தானப்பா கிளியர் அடிச்சேன்."

பூண்டு மூட்டையை நகர்த்தி வைக்கிற வேலை திடீரென்று வந்துவிட்டது அவருக்கு. அவள் கொஞ்சநேரம் கவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழற்றிப் பார்க்கவில்லை. நான் கதவோரம் நின்றுகொண்டு, கழற்றிவிடு தாயி, கழற்றிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாளே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். பட்டறையில் அவசரம் என்றாள். பஸ்ஸில் ஏறும்போது என் காதோரம் சொன்னாள்.

"ஊருக்குள்ள இதை ஓட்டிட்டுப் போக அவருக்கு வெக்கமா இருந்தா, எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்மா. நான் என்ன அழுதுருவேனா?"

அழுதுகொண்டுதான் சொன்னாள்.

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. கொஞ்சம் தள்ளி, அவளுக்குக் கொடுத்துவிட ஒரு பை பூண்டோடு இவர் நின்றிருந்தார். சத்தியம் ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது. அந்த இடத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதற்கு, தினமும் அடுப்படியில் நின்று வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது போன் பண்ணினால், "வேலையா இருக்கேம்மா" என்கிறாள். வீல் என்று ஆரம்பித்தால், "அதை விடும்மா" என்று வைத்துவிடுகிறாள். இவரோ பழையபடி "என்னவாம்?" என்று கேட்கிறார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எந்தப் பூச்சு நாள்படத் தாங்கும் என்று அத்தனை பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோமே... தாங்க வேண்டியது பெயின்ட் மட்டும்தான் என்று எப்படி நினைத்தோம்?

என் வீட்டுக்காரர் நான் பத்திரிகையில் எழுதுகிற இந்தப் பத்தியைப் படிக்கிறவர் இல்லை. படிக்கிற ஆள் கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

கயல், அப்பா மூடி வைத்திருப்பது நீ வரைந்ததை இல்லை, தான் அழித்ததை. சத்தியத்தை மீறிவிட்டேன், போன் எடு.