மாற்றாமல் விட்ட கடிவாளம்

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அதற்குள் கொடுமை இருப்பதாகத் தோன்றாது. சுண்டுவிரலைவிட மெல்லிய இரண்டு துண்டுக் கம்பிகள், கயிறுபோல முறுக்கி நடுவில் கோக்கப்பட்டவை; இருபுறமும் ஒவ்வொரு வளையம். கடிவாளத்தில் குதிரையின் நாக்கின் மேல் கிடக்கும் பகுதி இதுதான். எங்கள் குதிரை வழக்கமாகக் கடித்த தடித்த, வழவழப்பான இரும்புக்கும் இதே வளையங்கள்தாம். வாய்க்குள் போய்விட்டால் எது கிடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

எங்கள் குதிரை என்றது சற்று மிகை. கேளம்பாக்கம் பக்கம் ஒரு சவாரிப் பயிற்சிக் கூடத்தில் பழுப்பு நிறப் பெண் குதிரை ஒன்றை நானும் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சரும் முறைவைத்து ஓட்டினோம். செவ்வாய், வியாழன், சனி எனக்கு. புதன், வெள்ளி, ஞாயிறு அவருக்கு. நான் தாம்பரத்திலிருந்து போவேன், அவர் குரோம்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. ஒவ்வொரு சவாரியையும் தேதி, நேரம், தாண்டிய தடையின் உயரம் என்று நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். “என் வயச மட்டும் அதுல எழுதிடாதீங்க சார், ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது” என்பார்.

தடையைக் கண்டதும் அந்தக் குதிரை கழுத்தை நீட்டி, லகானை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாயும். தாண்டி இறங்கிய பின் வேலிவரை நிற்காது. டீச்சரிடம் மட்டும் சாதுவாகத் தாண்டும். “இன்னா சார், நீ அத்த ஓட்டுறியா, அது உன்ன இட்டுகினு போவுதா?” என்று கூடத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் குதிரைக்காரர் சிரிப்பார். போட்டி ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. நான் புத்தகங்களைப் புரட்டினேன். இழுக்கும் குதிரைக்குக் கடுமையான கம்பி மாட்டலாம் என்று இரண்டு புத்தகங்கள் சொல்லின. அதற்கு முன் சவாரி செய்பவரின் கையைப் பாருங்கள் என்றும் அவை சொல்லியிருந்தன. அந்த வரியின் கீழ் நான் கோடு போடவில்லை.

“அது இழுக்கல சார். நீங்க பிடிச்சுத் தொங்குறீங்க, அது தப்பிச்சு ஓடுது. ரெண்டு மாசம் கையப் பாருங்க, கம்பிய அப்புறம் பாக்கலாம்” என்றார் டீச்சர். நான் பிடிவாதம் பிடிக்கவும் இறங்கிவந்தார். “உங்க நாள்ல உங்க இஷ்டம். ஆனா போறப்ப பழையத மாட்டிட்டுத்தான் போகணும். மறந்துடாதீங்க.”

“நானா டீச்சர் மறப்பேன்?”

முறுக்குக் கம்பி மாட்டிய முதல் நாளே குதிரை அடங்கியது. நோட்டில் ‘வெற்றி’ என்று எழுதினேன். வலிக்குப் பயந்து அடங்கியதை அந்தப் பெயரில் பதிந்திருக்கிறேன்.

இரண்டு வாரம் சரியாக மாற்றிவைத்தேன். மூன்றாவது சனிக்கிழமை மழை இருட்டிக்கொண்டு வந்தது; கடிவாளத்தை அப்படியே ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன். வண்டலூர் வந்ததும் நினைவு வந்தது. அவரைப் போனில் கூப்பிட்டிருக்கலாம். மறக்கவே மாட்டேன் என்று சொன்ன வாயால் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. மறுநாள் அவர் சர்ச்சிலிருந்து வருவதற்குள் போய் மாற்றிவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் குதிரைமேல் இருந்தார். ஆறு குதிரைகளுக்கு அவசரமாகக் கடிவாளம் பூட்டிய குதிரைக்காரர், நான் மாற்றியிருப்பேன் என்ற நம்பிக்கையில் கவனிக்கவில்லை. வேலியோரம் நின்று நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். இன்னும் இரண்டு தடைதானே, முடிந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த தடைக்குத் திரும்பும்போது, வழக்கம்போல அவர் விரல்களை ஒரு கணம் இறுக்கினார். குதிரை தலையை விசிறி, தடைக்கு முன்னால் அப்படியே நின்றது. அவர் கட்டையைத் தாண்டிப் போய் விழுந்தார்.

தோளில் காறை எலும்பு முறிந்திருந்தது. சேற்றில் உட்கார்ந்தபடி அவர் பார்த்தது குதிரையின் வாயைத்தான். நுரை சிவந்திருந்தது.

“ஐயோ, வாயக் கிழிச்சுட்டேனா?”

“வுடு டீச்சரம்மா. பயத்துல கை இறுகிப் பூட்ச்சி, எல்லாருக்கும் ஆவறதுதான்” என்றார் குதிரைக்காரர்.

நான் கழுவிக் கொண்டுவருவதாகச் சொல்லிக் கடிவாளத்தை எடுத்துப்போய், குழாயடியில் பழைய இரும்பை மாட்டினேன். நோட்டில் அன்றைய பக்கத்தில் ‘டீச்சர் விழுந்தார்’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

எலும்பு கூடியது. அவர் திரும்பி வரவில்லை. “அது வாயக் கிழிச்ச இந்தக் கைய வெச்சுக்கிட்டு இனிமே ஒரு குதிரைகிட்டயும் போக மாட்டேன் சார்” என்று போனில் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவருடைய நாள்களும் எனக்கே வந்தன; குதிரை முழுக்க என்னுடையதுபோல ஆனது.

ஏழு ஆண்டுகள் கழித்து, சென்ற வாரம், முடிச்சூரில் அவர் இப்போது குடியிருக்கும் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

“விழுந்தது போகட்டும் சார். ஏழு வருஷமா லேப்ல ஒரு கண்ணாடிக் குழாயத் தொட்டாலும், இது நம்பக் கூடாத கைன்னு நெனச்சிருக்கேன்.” அடுத்து குதிரையைப் பற்றிக் கேட்டார். “இருக்காளா அவ?”

“இல்ல டீச்சர். இந்த மழைக்கு முன்னாடிதான் போயிட்டா. வயசாயிடுச்சு.”

“ஒரு தடவ போய்த் தடவிக் குடுத்திருப்பேனே” என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்து, “அவ போகட்டும்னு காத்திருந்தீங்களா சார்?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் குதிரை இறந்ததைச் சொல்லக் குதிரைக்காரர் போன் செய்ததற்கு மறுநாள்தான் டீச்சரின் முகவரியை நான் விசாரிக்கத் தொடங்கியிருந்தேன்.