நாலரைக் கட்டை

பெங்களூர் பப் ஒன்றில் ஞாயிறு மத்தியானம் நான்தான் டிஜே. பஜனையில் ஆர்மோனியம் வாசித்த பழக்கத்தில், ஒவ்வொரு சிடி மேலும் பாட்டின் சுருதியை ‘நாலு கட்டை’, ‘அஞ்சு கட்டை’ என்று எழுதிவைப்பேன். மற்ற டிஜேக்கள் சிரிப்பார்கள்.

அன்று, ஓடிக்கொண்டிருந்த நாலு கட்டைப் பாட்டோடு அதே சுருதியில் டார்க் ட்ரான்ஸ் என்ற இருண்ட மின்னிசைப் பாட்டு ஒன்றைச் சேர்த்தேன். தாளம் பொருந்த அதன் வேகத்தைக் கூட்டியதில், சுருதியும் அரைக் கட்டை ஏறிவிட்டது. ஒரே அபஸ்வரம். ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள்.

“இந்த இருட்டுப் பாட்டு பேடம்மா, ஹிந்தி போடு,” என்று கன்னடம் கலந்து வேண்டாமென்றார் மேனேஜர்.

“தப்பு என்னோடது சார், பாட்டோடது இல்ல.”

நாலரைக் கட்டை சிடி ஒன்றைப் போட்டு, அதே ட்ரான்ஸை அதே கூட்டிய வேகத்தில் மறுபடி சேர்த்தேன். எங்கே சேர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டம் திரும்பியது.

அன்றிலிருந்து சிடியில் வேகத்தையும் எழுதுகிறேன். சுருதியை இன்னும் கட்டையில்தான் எழுதுகிறேன்.