சராசரியில் மறைந்த ஸ்ரீராம்புரம்

சாக்கடைக் குழிக்குள் ஆள் இறங்கும் முன்பே விஷவாயுவைக் கண்டு அலறும் கருவி ஒன்றை, மிக்சி பழுதுபார்த்துப் பிழைக்கும் சங்கமித்ரா தானாகவே படித்துச் செய்திருந்தாள். அவள் தெருவில் பாதிப்பேர் மாநகராட்சித் தொழிலாளர்கள். அவர்கள் கைக்கு அது போய்ச்சேர ஆய்வகச் சான்று வேண்டும்; அந்தச் செலவுக்குத்தான், பின்தங்கிய பகுதிகளுக்கு முன்னுரிமை தரும் மாநிலப் புத்தாக்க நிதியைக் கேட்டாள். இரண்டு முறையும் ஒரே பதில்: ‘உங்கள் பகுதி முன்னேறிய பகுதி.’ ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த வைட்ஃபீல்டும் அவள் குடியிருக்கும் ஸ்ரீராம்புரமும் ஒரே மாவட்டம். எனவே ஒரே சராசரி வருமானம்.

தகவல் உரிமைச் சட்டப்படி, நிதி பெற்றோர் பட்டியலை வாங்கினாள். நாற்பத்தொரு பக்கங்களையும் தேதிவாரியாகக் கோத்துப் படித்தபோது, பின்தங்கிய மாவட்டத்துக்கான ஒதுக்கீட்டில் ஒன்பது நிறுவனங்களுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். இழுத்து மூடிய ஷட்டர்; அதற்கு மேலே ஒன்பது பெயர்ப்பலகைகள். படம் எடுத்துக்கொண்டாள். பலகைகளில் இருந்த தொலைபேசி எண்களை ஒவ்வொன்றாக அழைத்தாள். எடுத்தவர்கள் எல்லோரும் வைட்ஃபீல்டில் இருந்தார்கள்.

நிதி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் சுந்தரராமன் அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

“மறுபடியும் ஃபைலாம்மா? உங்களுக்குன்னே ஒரு பீரோ வாங்கணும் போல.”

“வாங்குங்க சார். சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “நீங்களும் அந்தப் பின்தங்கிய மாவட்டத்துல ஒரு ரூம் எடுத்து போர்டு மாட்டுங்க. எல்லாரும் அதான் பண்றாங்க.”

“கருவி இறங்கப்போறது எங்க தெருக் குழியில சார். நான் எதுக்கு இல்லாத ஊர்ல இருக்கணும்?”

“ஐரோப்பாவைப் பார்த்துப் போட்ட விதிம்மா. அங்கேயும் வட்டாரச் சராசரிதான்.”

அவள் ஒரு தாளைத் திருப்பி வைத்தாள். “போலந்துல தலைநகர் வார்சாவோட சேர்த்து எண்ணினதால சுத்துப்பட்டு ஊர்களும் பணக்கார ஊராத் தெரிஞ்சுதாம். அப்புறம் வார்சாவைத் தனியாப் பிரிச்சுட்டாங்க. அதை ஏன் சார் பார்க்கல?”

சுந்தரராமன் தாளை இழுத்துப் படித்தார். அவள் கொண்டுவந்த பெயர்ப்பலகைப் படத்தையும் அந்தத் தாளையும் மேல்முறையீட்டுக் குழுவுக்கு அனுப்பினார்.

பத்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஒன்பது ஒதுக்கீடுகள் ரத்து. இனி வார்டு வாரியாகவே கணக்கு. ஆனால் நிராகரித்த விண்ணப்பம் நிராகரித்ததுதான்.

“புதுசா அர்ஜி போட்டு, வரிசையில கடைசியா நிக்கணும்மா,” என்றார் சுந்தரராமன் சங்கடத்தோடு.

“நிக்கிறேன் சார். படிவத்தைக் கொடுங்க.”

அவர் மேசை ஓரத்திலேயே நிரப்பி முடித்தாள். நகலில் முத்திரை விழும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.