மூன்று பேருக்கான முன்சீற்

போன சனிக்கிழமை ரொறன்ரோவில், அஜின்கோர்ட்டில் காருக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டு நின்றேன். இந்தக் கார் குடிக்கிற குடிக்கு நான் வீட்டில் நிற்பதைவிடப் பெற்றோல் நிலையத்தில் நிற்பதுதான் அதிகம். பக்கத்துப் பம்பிலிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். தாடி, கையில் கோப்பி. காரை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து சில்லுகளைப் பார்த்தார். சைலன்சரைத் தடவிக் கொடுக்காத குறை.

“அங்கிள், இது உங்கட காரோ? சோ நைஸ்.”

“மாமான்ர. இப்ப என்ர.”

பிறகு கண்ணாடிக்குள்ளால் உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. கலியாண வீட்டில் பந்திக்குப் போய் உட்காரும்போது சோறு முடிந்துவிட்டது என்று சொன்னால் ஒரு முகம் வருமே, அது.

“வெயிட். முன்னுக்குப் பெஞ்ச் சீற்றா? இந்தக் காருக்கா? ஹூ டிட் திஸ், அங்கிள்?”

“தெரிஞ்சு என்ன செய்யப்போறீர்?”

பாவம், போய்விட்டார். என் வாய் அப்படி. “உங்கட வாய்க்கும் ஒரு சைலன்சர் பூட்டவேணும்” என்று என் மனைவி ராணி சொல்லுவாள். ஆனால் அவர் கேட்டது நல்ல கேள்வி. அதே கேள்வியை நானும் இருபத்துநாலு வருடம் மனத்தில் வைத்திருந்தேன். பதில் கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதை அந்த ஆளுக்கு நின்ற நிலையில் சொல்ல எனக்கு வரவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் இருந்து கேட்பீர்கள்.

கார் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். அரை நூற்றாண்டுக்கு முந்திய அமெரிக்கக் கார் இது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, எட்டுச் சிலிண்டர். இளம் ஆண்கள் வேகமாகப் போய்ச் சாகட்டும் என்று செய்தது போலிருக்கும். முன்னால் இரண்டு தனித்தனிச் சீற், நடுவில் கியர்ப் பெட்டி. பின்னாலும் ஒரு சீற் உண்டு, ஆனால் கால் இல்லாதவர்கள்தான் அதில் வசதியாக இருக்கலாம். இப்படி ஒரு காரைத் துருவிலிருந்து மீட்டுப் புதிதாக்கிவிட்டு, முன்சீற் இரண்டையும் கழற்றி எறிந்து, ஏதோ பழைய டாக்சியின் நீள வாங்குச் சீற்றைக் கொண்டுவந்து போடுகிறவன், நல்ல பட்டுவேட்டியை வெட்டித் தலையணை உறை தைக்கிறவன் மாதிரி. அதைச் செய்தவர் என் சூசை மாமா.

அம்மாவின் கடைசித் தம்பி. என்னைவிட எட்டு வயதுதான் மூப்பு. மன்னாரிலிருந்து அவர் முதலில் கனடாவுக்கு வந்தார், இரண்டு வருடத்தில் நான் வந்தேன். ரெக்ஸ்டேலில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தயிர் டப்பாவுக்கு மூடி அடித்தோம். அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் தயிர் வாங்கியவர்களில் பாதிப்பேர் எங்கள் மூடியைத் திறந்திருப்பார்கள். ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை. நாங்கள் இருந்த ஸ்காபரோவிலிருந்து மூன்று பஸ் மாறிப் போகவேண்டும். நான் பஸ்ஸில் நித்திரை கொள்வேன். மாமா யன்னலால் கார் பார்ப்பார். “டேய் மருமோன், எழும்படா, அதைப் பார்” என்று முழங்கையால் இடிப்பார். நான் கண் திறப்பதற்குள் அது போயிருக்கும்.

ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு தோட்டக்காரரின் கொட்டிலில்தான் இந்தக் கார் கிடைத்தது. பழைய உழவு மெஷின் ஒன்றின் பாகம் பார்க்கப் போன ஒரு கூட்டாளியோடு சும்மா போனோம். கொட்டில் மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே மூக்கு மட்டும் தெரிந்தது. கதவைத் திறந்தால் பின்சீற்றில் ஒரு கோழி அடை கிடந்தது. மாமா கோழியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அன்று திரும்பி வரும்போது அவர் மூன்று தரம் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினோம்.

நாலு வருடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, அஜின்கோர்ட்டில் ஒரு கராஜின் பின்பக்கம். அந்த வாசம் இப்போதும் காரின் கதவைத் திறந்தவுடன் வருகிறது: பெற்றோல், பெயின்ற், புது றெக்சின். எனக்கு அரத்தாள் பிடிக்கிற வேலை. துரு எடுத்து எடுத்துக் கைரேகை அழிந்துபோனது. அந்த நேரத்தில் அது எனக்கு நல்லதாகவும் இருந்தது. ஏனென்றால் எனக்குக் கொழும்பில் கலியாண எழுத்து முடிந்து, ராணியின் விசாவுக்காகக் காத்திருந்தேன். இரண்டு வருடம். தமிழ்க் கடையில் போன் கார்ட் வாங்கி, காசால் சுரண்டி, பதினாறு இலக்கம் அடித்து, “கேக்குதே?” “கேக்குது.” “கேக்குதே?” என்று அரைவாசி நேரம் போய்விடும். மிச்ச நேரத்தில் நான் அவளுக்குக் கார் பற்றிச் சொன்னேன். வேறு என்ன கதைப்பது என்று தெரியவில்லை. அவளோ, நான் ஒரு கார்க்கொம்பனி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

மாமாவும் நானும் ஒரு திட்டம் வைத்திருந்தோம். கார் முடிந்ததும் கிழக்கே போவது. கிங்ஸ்ரன், மொன்றியல், அதற்கும் அப்பால் கடல் வரைக்கும். இரண்டு சீற், இரண்டு பேர். அதைப் பற்றி அத்தனை தரம் கதைத்திருக்கிறோம். எந்த இடத்தில் தேத்தண்ணி குடிப்பது என்பதுவரை கதைத்திருக்கிறோம்.

கடைசி இரண்டு கிழமை தொழிற்சாலை வேலைக்கு மேல் எனக்குக் கூரை போடுகிற வேலையும் வந்தது. மழை வருமுன் முடிக்கவேண்டிய வீடு. கராஜ் பக்கம் போகவில்லை. கார் முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் கார்ப்பார்க்கில் ஆசீர்வாதம் என்று மாமா சொல்லியனுப்பினார். போனேன். கூரைச் சாமான் ஏற்றுகிற என் வானை ஓரமாக விட்டேன். சிவப்புக் கார் வெயிலில் நிற்கிறது. சுவாமியார் தீர்த்தக் கிண்ணத்தோடு நிற்கிறார். மாமாவின் மனைவி தங்கம் மாமி மட்டக்களப்புச் சைவம். அவ நிலத்தில் குந்தியிருந்து நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்துக்கொண்டிருந்தா. சுவாமியார் அதைக் காணாதவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிசன்.

நான் யன்னலால் உள்ளே பார்த்தேன். நீள வாங்கு. மண்ணிற றெக்சின். நடுப்பெட்டியைக் காணவில்லை. கியர்த் தடி ஸ்டியரிங் பக்கத்தில்.

“மாமா, எங்க சீற் ரெண்டும்?”

“குடுத்திட்டன்.”

“ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?”

“டேய், பொறடா, சொல்லுறன்…”

“என்னத்தைச் சொல்லப்போறீங்கள்? இதென்ன கார், கல்லறைக்கு ஆள் ஏத்துற வானோ?”

“ரெண்டு பேருக்கு மட்டும் கார் என்னத்துக்கடா?” என்றார் மாமா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு எரிந்தது.

“என்ர பங்கையும் நீங்களே வைச்சிருங்கோ. இந்தக் காரில நான் கால் வைச்சா என்னை மனுசன் எண்டு சொல்லாதேங்கோ.”

சுவாமியார் மெல்ல, “முடிஞ்சுதோ? தெளிக்கட்டோ?” என்றார்.

தெளித்தார். மாமா ஏறி ஸ்டார்ட் பண்ணினார். அந்த எஞ்சினுக்குத் தேசிக்காய் பற்றி என்ன தெரியும்? பின்சில்லு சுழன்று ஒரு தேசிக்காயை உமிழ்ந்தது. அது பறந்துபோய் என் வானின் கதவில் பட்டுச் சிதறியது. “நாவூறு கழிஞ்சுது மகன்!” என்று மாமி கைதட்டினா. அவவுக்கு எல்லாரும் மகன்தான். சுவாமியாரும் மகன்தான்.

மாமா காரை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து அந்த வாங்கு முழுவதும் சரிந்து நீட்டி, மற்றப் பக்கக் கதவைத் திறந்தார். நான் வானில் ஏறிப் போய்விட்டேன்.

ஒன்பதாம் நாள் ராணி வந்து இறங்கினாள். காலையில் என் அப்பார்ட்மென்ற் வாசலில் சிவப்புக் கார் நின்றது. மாமா திரும்பவும் சரிந்து கதவைத் திறந்தார். நான் சினேகிதன் ஒருவனின் வானில் போனேன். மாமாவும் மாமியும் பின்னாலேயே வந்தார்கள். அப்போதெல்லாம் புதிதாக ஆள் வருகிறதென்றால் ஒரு கட்டடமே எயர்போர்ட் போகும். வருகிறவருக்கு ஒரு குளிர்க் கோட்டும் கொண்டுபோவோம், கோடைகாலத்திலும். ராணிக்கு ஐந்து கோட் வந்தது. மாமி கொண்டுவந்ததைத்தான் போட்டாள். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வானில் அவள் பின்னால் இரண்டு பெண்களுக்கு நடுவில். நான் முன்னால். இரண்டு வருடம் போனில் கதைத்த பெண்ணை, ஸ்காபரோ வரைக்கும் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில்தான் பார்த்தேன். அதிலும் பாதி சினேகிதனின் காது.

மாமாவோடு கோபம் என்று நினைக்காதீர்கள். அடுத்த கிழமையே அவர் வீட்டில் சாப்பிட்டேன். சேர்ந்து வேலைக்குப் போனோம். எனக்கு அவரைப் போல் ஒருத்தரும் இல்லை. ஆனால் காரில் ஏறவில்லை. கலியாணம், செத்தவீடு, நத்தார்ப் பண்டிகை எல்லாவற்றுக்கும் அவர் என் வாசலில் வந்து நிற்பார். சரிந்து கதவைத் திறப்பார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டுவேன். சாத்திவிட்டுப் போவார். பின்னால் நான் என் வானில். ராணி பத்துத் தரமாவது அந்தக் காரில் போயிருப்பாள். என் பிள்ளைகள் அதற்குள்தான் வளர்ந்தார்கள். இருபத்துநாலு வருடம் நான் மட்டும் ஒரு விசரன் மாதிரிப் பின்னால் ஓடினேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பும் வருகிறது, பல்லைக் கடிக்கவும் வருகிறது. ஏன் அந்தச் சீற்றை மாற்றினார் என்று கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்டால் தோற்றதாகப் போய்விடும் என்று கேட்கவில்லை.

மாசியில் மாமா போய்விட்டார். நித்திரையில். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பிட்ட பிறகு, தங்கம் மாமி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, கார்த் திறப்பைக் கையில் வைத்தா. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் மருமக்கள் பதினொரு பேர் இருக்கிறோம்.

“ஏன் மாமி எனக்கு? நான் ஒருநாளும் ஏறினதில்லையே.”

“அதுக்குத்தான் மகன். மற்றவையெல்லாம் ஏறிட்டினம். நீ ஒருத்தன்தான் மிச்சம் எண்டு சொன்னவர்.”

அப்போதுதான் கேட்டேன். “அந்தச் சீற்றை ஏன் மாமி மாத்தினவர்?”

மாமி என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. “உனக்குத் தெரியாதா? ராணி வாறதுக்காகத்தான். ரெண்டு வருஷமாப் போனில மட்டும் கதைச்ச பிள்ளையள், எயர்போர்ட்டில இருந்து வரேக்க ஒண்டு முன்னுக்கும் ஒண்டு பின்னுக்குமா வாறதே எண்டு கேட்டவர். தான் ஓட்ட, நடுவில நீ, கரையில அவள். பழைய கார் உடைக்கிற இடமெல்லாம் அலைஞ்சு அந்தச் சீற் தேடினவர்.”

“நாங்கள் பின்சீற்றில இருந்திருக்கலாந்தானே?”

“அதில உன்ர கால் கொள்ளுமா? அவளின்ர சூட்கேசுகளை எங்க வைக்கிற? உன்ர தலையிலயா?”

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மாமி.”

“சொல்லத்தானே வாய் திறந்தவர். நீ விட்டனியா? பிறகு அவருக்கும் ரோசம். நீ எண்டைக்கு ஏறுறியோ அண்டைக்குச் சொல்லுவன் எண்டு இருந்திட்டார்.”

நான் கைகழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, தேவையில்லாமல் ஒரு கோப்பையைக் கழுவினேன். மாமி அதை வாங்கித் திரும்பவும் கழுவினா. நான் கழுவியது துப்பரவில்லையாம்.

வித்துவிடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சேகரிப்பவர் ஒருவர், சீற்றைப் பழையபடி மாற்றினால் உடனே எடுக்கிறேன் என்றார். அவருக்கும் என் வாயால் பதில் கிடைத்தது.

நேற்று ஞாயிறு. மாமி, “எயர்போர்ட் பக்கம் ஒருக்கா விடு மகன்” என்றா. “ஆரை ஏத்த?” என்றேன். “ஆரையும் இல்லை. சும்மா.” முன்சீற்றில் மூன்று பேரும் ஏறினோம். ராணி நடுவில். ஒவ்வொரு வளைவிலும் அவள் தோள் என் தோளில் இடித்தது. “கையை ஒடுக்கி வைச்சு ஓட்டுங்கோவன், இடிக்குது” என்றாள். தள்ளி இருக்கவில்லை.

வருகை வாசலில் ஓரமாக நிறுத்தினேன். கதவு திறந்து மூடியது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், போனைப் பார்த்தபடி. போனில் வாடகைக்குக் கூப்பிட்ட, யாரோ தெரியாதவரின் காரில், பின்சீற்றில், தனியாக ஏறிப் போனார்கள். ஒருத்தர் கையிலும் கோட் இல்லை. கோடையில் கோட் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. கொண்டுபோவோம், அவ்வளவுதான். காவற்காரர் வந்து கண்ணாடியில் தட்டினார், காரை எடுத்தேன்.

திரும்பி வரும்போது மாமி சொன்னா, நான் நல்லாகத்தான் ஓட்டுகிறேனாம், ஆனால் மாமாவைப் போல இல்லையாம். அவர் எப்படி ஓட்டினார் என்று கேட்டேன். ராணிக்குத் தெரியும், என் பிள்ளைகளுக்குத் தெரியும், பதினொரு மருமக்களில் பத்துப் பேருக்குத் தெரியும். மாமி யோசித்துவிட்டு, “அதைச் சொல்லேலாது மகன், பக்கத்தில இருந்தாத்தான் தெரியும்” என்றா. அந்தக் காரில் மாமா எனக்கென்று வைத்திருந்தது ஒரேயொரு இடம், அவர் ஓட்ட அவருக்குப் பக்கத்தில். அவர் எனக்கு விட்டுப்போன காரில் அந்த இடம் மட்டும் இல்லை.