ஒத்தடத்தின் வேலைச் சீட்டு

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ஒத்தடம். கார்பெட்டில் விழுந்த கறையைத் தேய்க்கக் கூடாது, வெள்ளைத் துணியால் ஒத்தி ஒத்தித்தான் எடுக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்ததில் அது அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது. நிஜமான ஒத்தடம் சூடாக இருக்கும். இவர் பச்சைத் தண்ணீர் ஆசாமி. பொருந்தாத பெயர்கள்தான் நிலைக்கின்றன.

வெளிர் நிறக் கம்பளத்தில் சிவப்பு ஒயின் என்றால் இவரைத்தான் அனுப்புவார்கள். மதுவை வாயில் வைத்தவரில்லை. ஆனால் கொட்டி எத்தனை மணி நேரம் ஆயிற்று, மேலே உப்பைத் தூவினார்களா, பதறிப்போய் யாராவது தேய்த்தார்களா என்பதையெல்லாம் வாசற்படியில் நின்றே சொல்லிவிடுவார். குடிப்பவர்களுக்கு ஒயினைப் பற்றி இவ்வளவு தெரியாது.

வண்டியில் இரண்டு எவர்சில்வர் கேன்கள் இருக்கும். ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒயினுக்கு. இன்னொன்றில் வெந்நீர், எண்ணெய்ப் பிசுக்குக்கு. ஒயினில் வெந்நீர் பட்டால் கறை நூலுக்குள் இறங்கிக் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். இரண்டும் சூடு தாங்கும் இரட்டைச் சுவர் கேன்கள். வெளியே தொட்டால் வித்தியாசம் தெரியாது. மற்ற வண்டிகளில் அடையாளத்துக்குச் சிவப்பு மூடி, நீல மூடி உண்டு. இவர் முதல் வருடமே அவற்றைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் ஒரே மாதிரி மூடி போட்டார். "விரல் எதுக்கு இருக்கு?" என்றார். அப்போது அதில் உணர்ச்சி இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு காலை, அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்தார். மனைவி அலறினாள்.

"ஐயோ, சுடலையா?"

"சுட்டிருக்கும்."

சர்க்கரையா, இத்தனை வருட ரசாயனமா என்று கேட்டதற்கு மருத்துவர் பாதிப் பாதி என்றார். விரல்களில் உணர்ச்சி திரும்புவது சந்தேகம் என்றும் சொன்னார். மற்றவர்கள் அழுதிருக்கலாம். இவருக்கு அதிலும் ஒன்றும் தோன்றவில்லை. மனைவியிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "உன் தம்பிக்குத் தெரிய வேண்டாம்."

தம்பி என்றால் அவருடைய மச்சான், வண்டியோட்டி. நாற்பது வயது. நல்ல மனசு, ஓட்டை வாய். அவனுக்குத் தெரிந்தது சாயங்காலத்துக்குள் முதலாளிக்கும் தெரிந்துவிடும். முதலாளிக்குத் தெரிந்தால் அன்றோடு வீடு வீடாகப் போகும் வேலை முடிந்தது. ஒத்தடத்துக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்ததில்லை. ஆகவே யாரும் பார்க்காதபோது முழங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டார். ஆறு மாதம் ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமை போன வீடு மூன்றாவது மாடியில். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள், தனிக்கட்டை. கூடத்தில் பாலாடை நிறக் கம்பளம். நடுவில் ஒரு தட்டு அகலத்துக்குச் சிவப்பு.

"புதன்கிழமை ராத்திரி. உப்பு போட்டிருக்கீங்க. தேய்க்கல, புண்ணியம்" என்றார் ஒத்தடம்.

"கொட்டினது என் தங்கச்சி. ஒன்பது வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. சமாதானத்துக்குன்னு அவளே பாட்டில் வாங்கிட்டு வந்தா, அவளே கொட்டினா. ஞாயித்துக்கிழமை சாப்பிட வரேன்னிருக்கா. இது கண்ணுல பட்டா வந்த வழியே திரும்பிடுவா."

"போயிடும்மா."

"அத்தான் சொன்னா போயிடும்" என்றான் மச்சான், கேன்களை இறக்கி வைத்தபடி. "கம்பளத்துகிட்ட இவர் காட்டுற பொறுமையில கால்வாசி எங்கக்காகிட்ட காட்டியிருந்தா அவங்க வீட்டுலயும் சமாதானம் வந்திருக்கும்."

"மாப்ளே, நீ போய் மெஷினைத் தூக்கிட்டு வா."

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிறர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்தவரின் கண்கள். ஆள் பார்க்கும்போது முழங்கையை நுழைக்க முடியுமா? முடியும், ஆனால் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம் ஆறு மாதப் பழக்கத்தைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. ஒரு கேனில் இரண்டு விரலை விட்டார். "ஜில்லுன்னு இருக்கு" என்றார். எப்போதும் சொல்வதுதான். துணியை நனைத்துப் பிழிந்து கறைமேல் வைத்து அழுத்தினார். இன்னொரு துணி. இன்னொன்று.

நான்காவது துணி கைதவறி அம்மாளின் காலில் விழுந்தது. அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏங்க, சுடுதே!"

மெஷினோடு உள்ளே வந்த மச்சான் கேனுக்குள் கையை விட்டுப் பார்த்தான். பிறகு அத்தானின் விரல்களைப் பார்த்தான். சிவந்திருந்தன. அவனுடைய ஓட்டை வாய் முதல்முறையாக மூடிக்கொண்டது.

ஒத்தடம் அடுத்த கேனைத் திறந்து, இந்த முறை எல்லோர் முன்னாலும் முழங்கையை வைத்துப் பார்த்தார். மூன்று மணி நேரம் வேலை செய்தார். பச்சைத் தண்ணீர், சோப்புக் கரைசல், வினிகர், மறுபடி பச்சைத் தண்ணீர். சாயம் வெளுக்கும் திரவத்தைச் சோபாவுக்கடியில் ஓரிடத்தில் சோதித்துவிட்டுச் சொட்டுச் சொட்டாக விட்டார். தட்டு அகலம் உள்ளங்கை அகலமானது. சிவப்பு, வெளிறிய ஊதாவானது. அதற்குமேல் அசையவில்லை.

"இது போகாதும்மா. வெந்நி பட்டுடுச்சு."

"அப்ப என் தங்கச்சிகிட்ட என்ன சொல்றது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவங்க கொட்டினது போயிருக்கும். நின்னது என்னால. என்மேலயே பழியைப் போடுங்க."

"வாயால சொன்னா நம்ப மாட்டா. அவளுக்காக நான் பொய் சொல்றேன்னுதான் நினைப்பா. எழுதிக் கொடுங்க."

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு உண்டு. கார்பன் வைத்த மூன்று தாள். முதலாவது வீட்டுக்காரருக்கு, இரண்டாவது அலுவலகத்துக்கு, மூன்றாவது புத்தகத்திலேயே இருக்கும். கறை போகாவிட்டால் காரணம் எழுத இரண்டு வரி இடம் விட்டிருக்கும். ஒத்தடம் அந்த இடத்தை இதுவரை நிரப்பியதில்லை.

மச்சான் அவரைப் பால்கனிக்கு இழுத்துப் போனான்.

"அத்தான், கேனை மாத்திக் கொடுத்தது நான்னு எழுதுங்க. எனக்கு ஒரு திட்டு விழும், அவ்வளவுதான். எனக்குத் திட்டு புதுசா?"

"நீ மாத்தலையே."

"அதனால என்ன? உங்களை வண்டியை விட்டு இறக்கிடுவாங்க, அத்தான்."

"தெரியும்."

"எங்கக்காவுக்குத் தெரியுமா? கை விஷயம்?"

"உனக்குத்தான் தெரியாது."

மச்சானுக்கு முகம் விழுந்துவிட்டது. வேலை போவதைவிட அதுதான் அவனுக்கு உறைத்தது போலும்.

அவனுடைய யோசனை மோசமில்லை. எழுதியிருந்தால் அந்த அம்மாளும் நம்பியிருப்பார். ஆனால் அடுத்த வீட்டிலும் ஒரு கேனைத் திறக்க வேண்டும், அதற்கடுத்த வீட்டிலும். ஒத்தடத்துக்கு நேர்மை என்று தனியாக ஒன்றும் கிடையாது. கம்பளத்தைக் கெடுக்கக் கூடாது, அவ்வளவே.

உள்ளே வந்து எழுதினார். பேனா பிடித்திருப்பது தெரியாததால் அளவுக்கு மீறி அழுத்தினார். 'தவறுதலாக வெந்நீர் ஊற்றியதால் கறை நிலைத்துவிட்டது. என் விரல்களில் ஆறு மாதமாகச் சூடு தெரிவதில்லை. கொட்டியவர்மேல் குற்றமில்லை.' மூன்று தாளிலும் துல்லியமாக விழுந்தது.

அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "தேதி போடலையே" என்றார். போட்டார். அவர் தாளை நான்காக மடித்து ஞாயிற்றுக்கிழமைக்காக அலமாரியில் வைத்தார். உள்ளே போய்ப் பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து, கேட்காமலேயே அவருடைய விரல்களுக்குத் தடவினார். எரிகிறதா என்று கேட்கவில்லை. எழுதியதைப் படித்தவராயிற்றே.

மறுநாள் முதலாளி சீட்டைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், கதவைச் சாத்தச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

மதியத்துக்கு முன்பே வீடு திரும்பியவரை மனைவி கதவிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"திங்கக்கிழமையில இருந்து ஆபீஸ்ல போன் எடுக்கச் சொன்னாரு."

"எடுப்பீங்களா?"

"எடுக்கணும்."

"வண்டி?"

"உன் தம்பிகூட வேற ஆள் போவான்."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அங்கே ஏதாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள்.

"அங்க இடமாவது நல்லா இருக்கா?"

"நாற்காலி இருக்கு" என்றார்.