சனிக்கிழமையைப் புதன்கிழமையே எழுதியவள்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். அவளுக்கும் தெரியும். பெயர் வைத்தவர்களைத்தான் பிடிக்காதே தவிர, பெயர் பிடித்திருந்தது.

பள்ளிக்கூடம் நடந்தது சாப்பாட்டு மேசையில். மாணவிகள் மூன்று பேர், மூவரும் அவள் பெற்ற பெண்கள்: பன்னிரண்டு வயதில் பெரியவள், ஒன்பதில் நடுவள், ஆறில் சின்னவள். எட்டரைக்குக் கைமணி அடிப்பாள். வீட்டின் எந்த மூலையிலிருந்தும் அந்த மேசைக்குப் பத்தடி தூரம்தான், ஆனாலும் அடிப்பாள். முதல் பாடம் பிரார்த்தனை, இரண்டாவது கணக்கு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் "பொய் பேசாமை" என்று கொட்டை எழுத்தில் ஒரு அட்டை. அதற்குக் கீழே மூன்று பேருக்கும் தினம் ஒரு நட்சத்திரம்.

மணி அடிப்பதற்கு முன் பால்கனியில் கால்மணி நேரம் நிற்பாள். கீழே பள்ளிக்கூட வண்டி வரும். பக்கத்து வீட்டு அம்மாக்கள் தூக்கக் கலக்கத்தோடு, ஒரு கையில் டிபன் பெட்டி, மறு கையில் ஷூ மாட்டாத பிள்ளை என்று ஓடிவருவார்கள்.

"மூட்டை ஏத்துற மாதிரி ஏத்திவிடுறாங்க பாரு. இறக்கிவிடும்போது அதே மூட்டைதானான்னாவது பாப்பாங்களா?" என்பாள். பெண்கள் மூன்று பேரும் கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். வண்டிக்குள் யாரோ ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் தொப்பியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக ஆட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு உள்ளே வந்து கண்ணை மூடிப் பிரார்த்தனை. அதில் அவள் யாரையும் விட்டுவைக்க மாட்டாள். மூன்றாம் மாடிக்காரி பிள்ளைகளுக்கு முன்னால் புருஷனைத் திட்டுகிறாளே, அவளுக்கு நல்ல புத்தி கொடு. எதிர்வீட்டுப் பிள்ளைகள் ராத்திரியெல்லாம் டிவி பார்க்கின்றனவே, அவற்றைக் காப்பாற்று. கடவுளிடம் இப்படித் தினம் காலையில் கட்டடம் முழுவதையும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கணக்குக்குப் போவாள். தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்குத் தன்னிடம் குறை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு முன் ஏழு வருடம் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். கன்னம் வீங்கி, வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களைத்தான் ஏழு வருடமும் பார்த்தாள். ஒழுங்காகப் பல் தேய்த்திருந்தால் இவர்களில் பாதிப்பேர் வந்திருக்க மாட்டார்கள் என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு மனிதர்களைப் பற்றிப் புதிதாக எதையும் அவள் கண்டுபிடிக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

பெரியவளை ஒரு வருடம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பித்தான் பார்த்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற பள்ளிக்கூடம். நாத்தனார் அங்கேயே கணக்கு டீச்சர். வருடக் கடைசியில் வந்த அட்டையில் நடத்தைக்கு நேராக "பரவாயில்லை" என்று எழுதியிருந்தது.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் அண்ணி எழுதுவாங்க. இதைப் போய் பெருசா எடுத்துக்கிட்டு" என்றாள் நாத்தனார்.

எல்லாப் பிள்ளைகளும் என்ற வார்த்தைதான் அவளைச் சுட்டது. அடுத்த வாரமே பெண்ணை நிறுத்திவிட்டாள். நடுவளும் சின்னவளும் அந்தப் படியை மிதித்ததே இல்லை.

புருஷனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பகல் முழுக்க இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்குகிறவர். வீட்டுக்கு வந்தால் எந்தப் பக்கம் போகச் சொல்கிறார்களோ அந்தப் பக்கம் போவார். கோடை விடுமுறையில் சனிக்கிழமைதோறும் வெளியூர்ப் பயணம் என்று அவள் முடிவு செய்தபோதும் வண்டிச் சாவியை எடுத்தார், அவ்வளவுதான்.

மற்ற குடும்பங்கள் ஊர் சுற்றும், அவள் குடும்பம் கற்கப் போகும். போய்வந்ததும் கட்டுரை. முதல் கோடையில் கடற்கரைக்குப் போய்வந்து, அப்போது ஏழு வயதான பெரியவள் எழுதியது இது: "அப்பா கார் நிறுத்த இடம் தேடினார். அம்மா கத்தினாள். தங்கச்சி வாந்தி எடுத்தாள். கடல் இருந்தது."

அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டபோதுதான் அவளுக்கு அந்த யோசனை பிறந்தது. போய்வந்து எழுதினால்தானே கண்டதையும் எழுதுகிறார்கள்? போவதற்கு முன்பே எழுதிவிட்டால்? அன்றிலிருந்து புதன்கிழமை மாலை கட்டுரை, சனிக்கிழமை பயணம். எழுதப் படித்ததும் தங்கைகளும் சேர்ந்துகொள்ள, இப்போது அவள் சொல்லச் சொல்ல மூன்று பேரும் எழுதுவார்கள். மேலே சனிக்கிழமைத் தேதி. அதிகாலையில் உற்சாகமாகக் கிளம்பினோம், வழியில் பறவைகளைக் கண்டோம், படைத்தவனின் பெருமையை வியந்தோம், களைப்பில்லாமல் திரும்பினோம்.

"போறதுக்கு முன்னாடியே எழுதிட்டா, போற இடத்துல என்ன பாக்கணும்னு பிள்ளைங்களுக்குத் தெளிவா இருக்கும்" என்று தன் பிரார்த்தனைக் குழுவுக்கு விளக்கினாள். குழுவில் ஆறு பெண்கள். ஆறு பேரும் வாயைப் பிளந்தார்கள். வாயைப் பிளக்கிறவர்களை எடைபோடத் தெரிந்தவள் அவள். இவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள்.

எழுதியது நடந்தாக வேண்டும் என்பதிலும் கறாராக இருந்தாள். கட்டுரையில் மூன்று வெள்ளைப் பறவைகள் என்றால், மூன்றாவது வரும்வரை வண்டி நகராது. புருஷன் ஸ்டியரிங்கில் தாடையை வைத்துக்கொண்டு கேட்பார்: "இன்னும் எத்தனை வரி பாக்கி இருக்கு?"

"உங்களுக்கு எல்லாமே கிண்டல்தான்."

"இல்லம்மா, பெட்ரோல் போடணும், அதுக்குக் கேட்டேன்."

இந்தக் கோடையில் அவளுக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. வீட்டிலேயே படிக்க வைக்க வருடாவருடம் கல்வி அலுவலகம் அனுமதிக் கடிதம் தர வேண்டும். இதுவரை தபாலில் வந்துவிடும். இந்த வருடம் அதிகாரி நேரில் வந்து பார்த்துத்தான் கொடுப்பார் என்று புது விதி. கொடுக்காவிட்டால் விடுமுறை முடிந்ததும் மூன்று பேரும் அந்த வண்டியில்தான் ஏற வேண்டும், அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இறங்க வேண்டும்.

செய்தி நாத்தனார் காதுக்கும் போயிருந்தது. "யூனிஃபார்ம் அளவு மட்டும் சொல்லிவைங்க அண்ணி. சும்மா, தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுதான்" என்றாள் போனில். அன்று ராத்திரி ஹெட்மிஸ்ட்ரஸ் சாப்பிடவில்லை.

அதிகாரி வர வேண்டியது திங்கட்கிழமை. அதற்குள் நோட்டுகளுக்கெல்லாம் புது அட்டை போட்டு, தரையைத் துடைத்து, பெண்களுக்குப் பதில்களைச் சொல்லிவைப்பதாகத் திட்டம். வியாழக்கிழமை பதினொரு மணிக்கே அழைப்பு மணி அடித்தது. வாசலில் வீங்கின காலோடு, தோளில் கனத்த பையோடு ஒரு அம்மாள்.

"கல்வி அலுவலகத்துல இருந்து வர்றேன். பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுக்கு வந்தேன், பூட்டியிருக்கு. இவ்வளவு தூரம் வந்தாச்சு, உங்களையும் இன்னைக்கே முடிச்சிடலாமேன்னு. தண்ணி கிடைக்குமா?"

செருப்பின் வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்ததை ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரே பார்வையில் கவனித்தாள். இவளா என் பிள்ளைகளை எடைபோடுவது என்று நினைத்துக்கொண்டே, நல்ல கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கணக்கு நோட்டில் குறையில்லை. நடுவள் வாய்ப்பாட்டைத் தலைகீழாகவும் ஒப்பித்தாள். சின்னவள் பூவின் பாகங்களைப் படம் போட்டுக் காட்டினாள். அதிகாரி தலையாட்டிக்கொண்டே பெரியவளின் பயணக் கட்டுரை நோட்டைப் பிரித்தார். நாலைந்து பக்கங்களைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"கலங்கரை விளக்கம். இருநூத்திப் பத்தொம்பது படியும் ஏறினீங்களா?"

"ஆமாம் மேடம். படி எண்ணிக்கிட்டே ஏறினாங்க, அதுலயே கூட்டல் கணக்கும் ஆயிடுச்சு" என்றாள் அம்மா முந்திக்கொண்டு.

"சின்னப் பாப்பா கூடவா?"

"அவதான் முதல்ல ஏறினா."

அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பக்கத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "தேதி சனிக்கிழமைன்னு போட்டிருக்கே. வர்ற சனிக்கிழமை. இன்னைக்கு வியாழன்தானே?"

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஏழு வருடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவள் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவாளா? சிரித்தாள். "பிள்ளைதானே மேடம், தேதியைத் தப்பாப் போட்டிருப்பா. போன சனிக்கிழமை போனது."

"தப்பாப் போடல மேடம்" என்றாள் பெரியவள். அவள் கண் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த அட்டைக்குப் போய் வந்தது. "நாங்க இன்னும் போகவே இல்ல. போறதுக்கு முன்னாடியே எழுதிடுவோம்."

"ஏன்?"

"போயிட்டு வந்து எழுதினா சண்டையெல்லாம் வந்துடும்."

"எங்க வரும்?"

"கட்டுரையில."

நடுவள் மேசை விளிம்பைச் சுரண்டினாள். சின்னவள், "நான் முதல்ல ஏறுவேன்னு நோட்டுல இருக்கு, எனக்குக் கால் வலிக்கும்" என்று தன் பங்குக்குப் போட்டுக் கொடுத்தாள். அதிகாரி நோட்டை மூடினார். அனுமதித் தாள் அவர் கைக்குக் கீழே, கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு கிடந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குள் மூன்று யூனிஃபார்ம் தொங்கிற்று.

"சரி, நிஜமாவே போயிட்டு வந்த இடம் ஏதாவது ஒண்ணைப் பத்தி எழுது" என்று அதிகாரி பெரியவளிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "அரைப் பக்கம் போதும். அம்மா, நீங்க பால்கனியில நில்லுங்களேன் கொஞ்ச நேரம்."

தன் வீட்டில், தன் வகுப்பிலிருந்து அவள் வெளியே அனுப்பப்பட்டாள். பால்கனியில் அந்த நேரத்தில் பார்க்க யாரும் இல்லை. காலியான தெரு, நிறுத்தப்பட்ட வண்டிகள். கடவுளிடம் யாரைப் பற்றிச் சொல்வது என்று தெரியாமல், "அந்தத் தாளில் கையெழுத்துப் போட வை" என்று முதல்முறையாக நேரடியாகக் கேட்டாள்.

உள்ளே பேனா நிற்காமல் ஓடிற்று. அதிகாரி ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தது?"

"அம்மா" என்றாள் பெரியவள், பெருமையாகவே.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். பால்கனிப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "ஒரு வருஷத்துக்குத்தான். இனிமே போயிட்டு வந்துதான் எழுதணும். அடுத்த தடவை வந்து பாப்பேன். எழுத்து ரொம்ப சுத்தம்மா உங்க பொண்ணுக்கு, கண்ணுக்கு எதுவும் தப்பாது. பள்ளிக்கூடத்துல விட்டிருந்தா இதையெல்லாம் மழுங்கடிச்சிருப்பாங்க." அது பாராட்டா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் யோசிப்பதற்குள் ஊக்குச் செருப்பு படியிறங்கிவிட்டது.

அந்தத் தாள் மேசையில் கிடந்தது.

"போன மாதம் பூங்காவுக்குப் போனோம். பக்கத்தில் ஒரு குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா குண்டு. அவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று எங்கள் அம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டாள். அவர்கள் கடவுளுக்கு நன்றி சொல்லாமலேயே சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் அந்த அம்மா பந்து விளையாடினாள். விழுந்தாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இப்படிப்பட்டவர்களுக்காக நாம் பிரார்த்திக்க வேண்டும் என்றாள் அம்மா. பிரார்த்தித்தோம். நான் கண்ணை மூடவில்லை, பந்தைப் பார்த்தேன். எங்கள் அம்மா ஓடமாட்டாள். ஓடத் தெரியாது என்றில்லை. ஓடினால் யாராவது எங்கள் அம்மாவைப் பற்றி எங்கள் அம்மா மாதிரிச் சொல்லிவிடுவார்கள். அப்பா காரில் தூங்கினார். அவர் கெட்டிக்காரர்."

ஒரு எழுத்துப் பிழை இல்லை. அதை இரண்டு தடவை தேடினாள். பிழை இருந்திருந்தால் சிவப்பு மையால் சுழித்துவிட்டு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள். "என்ன அண்ணி ஆச்சு?"

"குடுத்துட்டாங்க. பொண்ணு எழுதினதைப் பாத்து அசந்துட்டாங்க."

"அப்படியா! என்ன எழுதினா?"

"பூங்காவைப் பத்தி" என்று சொல்லி போனை வைத்தாள்.

சனிக்கிழமை கலங்கரை விளக்கத்துக்குப் போனார்கள். கதவில் பூட்டு. வர்ணம் அடிக்கிறார்களாம், இரண்டு வாரம் ஆகுமாம். வழக்கமாக இருந்தால் காவலாளியையும், வர்ணம் அடிக்கிறவர்களையும், முன்பே சொல்லாத ஊரையும் சேர்த்து அவள் ஒரு பிடி பிடித்திருப்பாள். வாயைத் திறந்தும்விட்டாள்.

மூன்று பெண்களும் குட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் நோட்டு, கையில் பென்சில். மூன்று ஜோடிக் கண்களும் கடலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தன. அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். தினம் காலையில் பால்கனியிலிருந்து அவள் கீழே அனுப்பிய பார்வை அது.

திறந்த வாயை மூடினாள். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இடுப்பில் வைத்தாள், பிறகு எடுத்தாள்.

"என்னம்மா, கிளம்பலாமா?" என்றார் புருஷன், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. "இன்னைக்கு வரி எதுவும் பாக்கி இல்லையே?"

பெரியவள் அதைக் குறித்துக்கொண்டாள்.