டாக்டர் ஐயாவின் குடை

அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு டாக்டர் கணேசமூர்த்தி வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில். அட்டன் கடைவீதி ஜவுளிக்காரரின் மகன். பட்டணத்தில் கோட்டும் காருமாக இருந்திருக்கலாம். அந்த மனுசன் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, கூலிச் சனத்தின் வரிசை வீடுகளில் லயம் லயமாக நடந்தார். பெரிய கறுப்புக் குடையை வாசலில் சாத்திவிட்டுத்தான் உள்ளே குனிவார்.

எங்கள் சனத்தின் புத்தியைச் சொல்ல வேண்டுமே! காய்ச்சல் வந்தால் முதலில் மந்திரிப்பு, பிறகு தாயத்து, அதற்கும் பிறகு கோடாங்கியின் உடுக்கு. மூச்சு இழுக்கும்போதுதான் டாக்டர். அவர் போன வீட்டில் ஒப்பாரி கேட்காமல் என்ன கேட்கும்? குடை சாத்திய வீட்டில் சாவு நிச்சயம் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. தூரத்தில் குடையைக் கண்டாலே கதவை அடைத்தார்கள்.

"முந்தியே கூப்பிடுங்கப்பா! எல்லாம் முடிஞ்சப்புறம் நான் வந்து என்னத்தக் கிழிக்கிறது?" என்று கத்துவார். மறுநாளும் வருவார்.

முப்பத்தாறில் எங்கள் லயத்துக் குடற்காய்ச்சல் அவரையே கொண்டுபோனது. தோட்டத்திலேயே புதைத்தோம். "அந்தக் குடையையும் உள்ள போடுங்க" என்றான் கங்காணி மூக்கன். போட்டு மண்ணைத் தள்ளியதை எல்லோரும் பார்த்தோம்.

மழைக்காலம் முடிந்து நன்றாக வெயில் அடித்த ஒரு நாள். பகல் சோற்றுக்கு மலையிலிருந்து இறங்கினோம். பக்கத்து வீட்டு வேலாயியின் வாசலில் அந்தக் குடை சாத்தியிருந்தது. கம்பியெல்லாம் செம்மண். காய்ந்த தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே அவள் மகள் பூரணிக்கு லேசாக உடம்பு சுட்டது, அவ்வளவுதான்.

"தொடாத வேலாயி! கோடாங்கியக் கூப்பிடு!" மூக்கன் அலறினான்.

வேலாயி இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள். மிச்சம் இது ஒன்றுதான். குடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாம கூப்பிட்டது எப்பவும் பிந்தித்தான். இன்னைக்குக் கூப்பிடாமலே ஐயா முந்தி வந்திருக்காரு" என்றாள்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் குடையை விரித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நானும் கூடவே போனேன். சுற்றிலும் வெயில், குடைக்குக் கீழே மட்டும் மழைச் சத்தம் கேட்டது.

பூரணியின் தொண்டையைப் பார்த்ததும் புது டாக்டரின் முகம் மாறியது. "நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க. நாளைக்குன்னா மூச்சு அடைச்சிருக்கும்" என்று ஊசி போட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. "ஐயா, நீங்க நல்லா இருக்கணும்" என்று குடையைப் பார்த்து அழுதேன். செத்தவரை அப்படி வாழ்த்தலாமா, தெரியவில்லை.

ஆஸ்பத்திரி மூலையில் சாத்திய குடை, திரும்பும்போது அங்கே இல்லை. தரையில் ஈரம் மட்டும் இருந்தது.

லயத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மூக்கனின் பெண்சாதி அன்று காலையிலிருந்து இருமிக்கொண்டிருந்தாள். அவன்தான் முதலில் எழுந்து, தன் வீட்டு வாசலைப் பார்க்க ஓடினான்.